குங்கிலியம் பூசிய சில்லு

அந்தக் காரின் என்ஜினை எரித்தவன் நான். சவரிமுத்து அல்ல!

இத்தனை வருடங்களாக முல்லைத்தீவுக் கரை முழுவதும், சவரியின் வலது கால்தான் அதை எரித்தது என்று நம்பிக்கொண்டிருக்கிறது. சவரியும் அப்படியே நம்புகிறான். அவனுடைய தங்கை திரேசாவும் நம்புகிறாள். திரேசா இன்று என் மனைவி. நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும் இந்த நேரத்திலும் அவள் குசினியில் அரிசி களைந்துகொண்டிருக்கிறாள்.

உங்களை எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்லத் துணிந்தேன். வீட்டிலிருப்பவளிடம் சொல்லவேண்டியதை முகம் தெரியாத ஒருவரிடம் சொல்லுகிறவன் எப்படிப்பட்ட கோழை என்று நினைப்பீர்கள்... நினையுங்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

முதலில் காரைப் பற்றிச் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் என் குற்றத்தைச் சொல்ல முடியாது.

குளத்து வேலைக்கு வந்திருந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் தன் நாட்டுக்குத் திரும்பும்போது அதை விற்றுவிட்டுப் போனார். அவர் வீட்டுக்கு நண்டும் இறாலும் கொடுத்து வந்தவன் சவரி. மலிவாகக் கேட்டுப் பார்த்தான். மனிதர் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார். பச்சை நிறச் சின்னக் கார். முன்மூடியைத் திறந்தால் என்ஜினின் விலாவில் ஓர் இரும்புப் பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். வெளிக்காற்றை இழுத்து என்ஜினுக்குள் வலிந்து திணிப்பதுதான் அதன் வேலை. சூப்பர்சார்ஜர் என்று இன்ஜினியர் சொன்னாராம். கரையில் யார் வாயில் அந்தப் பெயர் நுழையும்? கொல்லன் பட்டறையில் நெருப்பை ஊதும் துருத்தியின் வேலைதானே இதுவும்! நாங்கள் துருத்தி என்றே பெயர் வைத்துவிட்டோம்.

என் பெயர் சூசை. அப்போது முள்ளியவளையில் ஒரு நெல்லு மில்லில் என்ஜின்காரனாக இருந்தேன். சவரியும் நானும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள், ஒன்றாகப் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். அவனுக்குக் கடலும் மீன் வியாபாரமும் வாய்த்தன. எனக்கு ஸ்பனர் வாய்த்தது. ஆகவே கார் அவனுடையது, அதன் நோய்நொடி என்னுடையது என்று ஆயிற்று.

பின் ஆசனத்தைக் கழற்றி வைத்துவிட்டு அங்கே மீன்பெட்டிகளை அடுக்குவோம். ஐஸ் கரையாமலிருக்க மில்லிலிருந்து நான் கொண்டுவரும் உமி. பின்னேரக் கரைவலையில் பட்ட மீன், காட்டு வழியே ஒட்டுசுட்டானைத் தாண்டி, மாங்குளம் ஸ்டேஷனில் கொழும்புக்குப் போகும் இரவு மெயிலைப் பிடிக்கவேண்டும். முந்திப் போகிறவனின் பெட்டிக்குத்தான் முதல் இடம். அதனால்தான் காரின் வேகத்தைக் கூட்டப் பார்க்கிறோம் என்று எல்லோரிடமும் சொன்னோம்.

அது முழு உண்மையல்ல. எங்களுக்கு வேகம் பிடித்திருந்தது... அவ்வளவுதான்!

அந்தத் துருத்தியின் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்கவேண்டும். மெல்ல ஓடும்போது ஒன்றும் தெரியாது. கொஞ்சம் மிதித்தால் முன்மூடிக்குள்ளிருந்து மெல்லிய ஊதல் ஒன்று எழும். மேலும் மிதித்தால் அது உயர்ந்து உயர்ந்து, காட்டின் இரு கரையும் அதற்குள் கரைந்துபோகும். வீரை மரமும் பாலை மரமும் பச்சைப் புகையாகப் பின்னால் போகும். வெள்ளை மணல் ஒழுங்கை ஒன்று வந்து மறையும். நான் கண்ணை மூடிக்கொள்வேன். நாங்கள் போவது மாங்குளத்துக்கு அல்ல, பெயரில்லாத ஏதோ ஒரு நாட்டுக்கு என்று தோன்றும். மீன் நாற்றம்கூட அப்போது மூக்கில் ஏறாது.

இந்தக் காரை இன்னும் எப்படி எழுப்பலாம்? அந்த வருடம் முழுவதும் எங்களுக்கு இதைத் தவிர வேறு கதையே இல்லை.

கையில் காசு இல்லை. ஒவ்வொரு மீன் பயணத்துக்குப் பிறகும் சவரி ஒரு பால்மாத் தகர ரின்னுக்குள் ஏதாவது போடுவான். அதுதான் எங்கள் திறைசேரி. பின்னேரங்களில் கரையில் கவிழ்த்து வைத்த வள்ளத்தில் சாய்ந்துகொண்டு, ஈர மணலில் குச்சியால் கோடு போடுவோம். முதற்கோடு பிறேக். அடுத்தது றேடியேட்டர். அதற்கடுத்து பிளக். பிறகு, பெற்றோல் போகும் துவாரத்தைப் பெரிதாக்கும் புதிய ஜெட். எல்லாவற்றுக்கும் கடைசியாக, துருத்தியைச் சுற்றும் பெல்ட்டின் சில்லு. அந்தச் சில்லைச் சிறிதாக்கினால் துருத்தி வேகமாகச் சுற்றும், காற்றுக் கூடும், கார் பறக்கும்.

அலை வந்து கோடுகளை அழித்துவிடும். மறுநாளும் அதே கோடுகளை அதே ஒழுங்கில் போடுவோம்.

ஒழுங்கு சவரியுடையது. "முதல்ல நிக்கப் பழகட்டும் மச்சான், பிறகு ஓடப் பழகலாம்" என்பான். கடலில் உயிரைப் பணயம் வைக்கிறவனுக்குத் தரையில் அவ்வளவு பயம்! நான் அவனைக் கிண்டல் பண்ணுவேன். ஆனாலும் அவன் சொன்னபடியே செய்தோம். பிறேக் கட்டை மாற்றினோம். றேடியேட்டரைக் கழற்றிப் புளித்தண்ணீர் விட்டுக் கழுவினோம், உள்ளேயிருந்து சேறும் உமியுமாகக் கொட்டியது. பிளக் வாங்கினோம். மிச்சமிருந்தவை இரண்டு. ஜெட்டும் சில்லும்.

ஜெட்டுக்காக யாழ்ப்பாணத்தில் ஒரு கராச்சுக்கு நான்தான் போனேன். அங்கிருந்தவர் என் வயதுக்காரர். காருக்கு அடியில் கிடந்தபடியே பேசினார், முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. கொழும்பிலிருந்து எடுப்பிக்கவேண்டும், சில கிழமை செல்லும் என்றார். நான் சில்லைப் பற்றிக் கேட்டேன்.

"ஜெட் வராமல் சில்லிலை கை வைக்காதையுங்கோ" என்றது காருக்கு அடியிலிருந்து வந்த குரல். "காத்துக் கூடினால் பெற்றோலும் கூடவேணும். இல்லாட்டி பிஸ்டன் உருகிப்போம்."

கேட்டீர்களா? எனக்குச் சொல்லப்பட்டது. தெளிவான தமிழில், இரண்டு காதும் நன்றாகக் கேட்கும் ஒருவனுக்குச் சொல்லப்பட்டது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று உங்களிடம் நான் சொல்ல முடியாது.

ஆனால் என் கை நம்பவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். மில் என்ஜின் டீசல் என்ஜின். அதற்குக் காற்று எவ்வளவு கூடினாலும் கெடுதியில்லை, இன்னும் நன்றாக மூச்சு விடும். புகை கறுத்தால் காற்று வாயைத் துப்புரவாக்கு, அதுதான் எங்கள் வைத்தியம். வருடக்கணக்காக அந்த என்ஜினோடு வாழ்ந்தவன் நான். காற்று எப்படி ஒரு என்ஜினை எரிக்கும்? காற்றுக் கூடினால் குளிரத்தானே செய்யும்! கராச்சுக்காரர் ஜெட் விற்பதற்காகப் பயமுறுத்துகிறார் என்று பஸ்ஸில் வரும்போதே எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

இனித் திரேசாவைப் பற்றி...

கரையில் யாருக்காவது திருக்கை முள் குத்தினால், வைத்தியரிடம் போவதற்கு முன் சவரி வீட்டுக்குத்தான் காலை நொண்டிக்கொண்டு வருவார்கள். திரேசா சுடுதண்ணீரும் பழைய சேலைத் துண்டுமாக வந்து உட்காருவாள். பெரிய பெரிய ஆட்கள் அவள் முன்னால் வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள். தாதிப் பயிற்சிக்கு எழுதிப்போட்டாள். முதல் தடவை கிடைக்கவில்லை. இரண்டாம் தடவை கொழும்பில் நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொல்லி அழைத்தார்கள். அடுத்த வருடம் வயது கடந்துவிடும். இதுதான் கடைசி.

நான் அவளோடு அதிகம் பேசியதில்லை. கோயிலில் பூசை முடிந்து வரும்போது அவள் முக்காட்டைச் சரிசெய்வதைப் பார்ப்பேன். சவரி வீட்டில் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும் கையைப் பார்ப்பேன். அவ்வளவே. ஆனால் காரில் கண்ணை மூடிக்கொண்டு பெயரில்லாத நாட்டுக்குப் போகிறேன் என்றேனே... அந்தப் பயணங்களில் அவள் பின்னால் இருந்தாள். எப்போதும் இருந்தாள்!

அழைப்பு வந்த செய்தியைச் சவரி ஓடிவந்து சொன்னபோது, மில் என்ஜின் இரைச்சலில் என் முகம் என்ன ஆயிற்று என்று அவனுக்குத் தெரியவில்லை. நான் அவன் முதுகில் தட்டினேன். சந்தோஷப்பட்டேன். அது நிசம். அவள் போய்விடுவாளே என்று துக்கப்பட்டேன். அதுவும் நிசம்.

அந்தக் கிழமை மில்லின் பழைய இரும்புக் குவியலில் ஒரு சில்லு கண்ணில் பட்டது. உமியை ஊதித் தள்ளும் விசிறியில் முன்பு கிடந்தது. அளவாக, சின்னதாக, வடிவாக இருந்தது. ஒரு சதமும் செலவில்லை. மில் முதலாளியிடம் கேட்டேன், தூக்கிக்கொண்டு போ என்றார். மதியச் சாப்பாட்டு நேரங்களில் அதன் துளையை அரத்தால் அராவி அராவித் துருத்தியின் தண்டுக்குப் பொருந்தப் பண்ணினேன்.

சவரிக்குச் சொல்லவில்லை. அவனுக்குச் சொன்னால் மணலில் கோடு போட்டுக் காட்டுவான்.

ஜெட் வரும்வரை பொறுத்திருக்கலாம். ஏன் பொறுக்கவில்லை? அவள் அந்தக் காரில் போகப்போவது ஒரே ஒரு தடவை. ஜெட் வரும்போது அவள் கொழும்பில் இருப்பாள். என் வாழ்நாளில் நான் செய்த ஒரே அழகான காரியம் அந்தக் கார், அதை அவள் ஒரு தரம் உணர்ந்து பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன்... அவர்கள் மெயிலில் ஏறியதும் பழைய சில்லையே திரும்பப் பூட்டிவிட்டுக் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? பழைய சில்லையும் என் ஸ்பனர்கள் கிடக்கும் சாவிப்பையில் போட்டு வைத்தேன்.

சவரி இல்லாத நேரம் பூட்டிப் பார்த்தேன், சின்னச் சில்லில் பெல்ட் வழுக்கியது. மில்லில் பெல்ட் வழுக்கினால் என்ன செய்வோம்? குங்கிலியம் தேய்ப்போம். சவரியின் வள்ளத்துக்குப் பூசுவதற்கு இடித்து வைத்திருந்த குங்கிலியத்திலேயே ஒரு பிடி எடுத்து, எண்ணெயில் குழைத்துத் தேய்த்தேன். பெல்ட் சில்லைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. எனக்கு அப்போது எவ்வளவு பெருமை!

இன்னும் ஒன்று. இதுதான் எல்லாவற்றிலும் பாரமானது.

திரேசா அந்தக் காரில் வரச் சம்மதிக்கவில்லை. "நான் காலமை பஸ்ஸிலை போறன் அண்ணை. மாங்குளத்திலை இருந்து மெயிலைப் பிடிக்கலாம்தானே" என்றாள். ஸ்டேஷனில் பகல் முழுக்கக் காத்திருக்கத் தயாராக இருந்தாள். சவரியும் அரைமனதாகத் தலையாட்டினான். நான்தான் குறுக்கே பேசினேன்.

"கார் நிக்கேக்கை பஸ் என்னத்துக்கு? மெயிலுக்கு முந்திக் கொண்டுபோய் விடுறது என்ர பொறுப்பு" என்றேன்.

அவள் முதன்முதலாக என்னை நேராகப் பார்த்தாள். "பொறுப்பெண்டால் சரி" என்றாள்.

அன்றைக்குச் சவரி மீன் ஏற்றவில்லை. காலையிலிருந்து சவர்க்காரமும் தேசிக்காயும் போட்டுக் காரைக் கழுவினான். பின் ஆசனத்தைத் திரும்பப் பூட்டினோம். பின்னேரம் புறப்பட்டோம். சவரி ஓட்டினான், தங்கையோடு கொழும்புக்குப் போகிறவனும் அவன்தான். நான் அவன் பக்கத்தில். அவள் பின்னால், மடியில் ஒரு சின்னப் பெட்டி, தலையில் வெள்ளை றிபன்.

ஒட்டுசுட்டான் வரைக்கும் மெதுவாகத்தான் வந்தான். அதைத் தாண்டியதும் நேர்ரோட்டு. மிதித்தான்.

ஐயோ, அந்த ஊதல்! முன்பு ஒருபோதும் அவ்வளவு உயரத்துக்குப் போனதில்லை. கார் எங்களைத் தூக்கிக்கொண்டு போயிற்று. வெயில் மரங்களுக்கு மேலே மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. ரோட்டில் கிடந்த சருகுகள் எழும்பி எங்களோடு ஓடிவந்தன. மயில் ஒன்று குறுக்கே பறந்தது. பின்னால் திரேசா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதேயில்லை... சின்னப் பிள்ளை ஊஞ்சலில் சிரிப்பது போல, தன்னை மறந்த சிரிப்பு.

"இண்டைக்கென்ன மச்சான், இப்பிடிப் பாயுது?" என்று சவரி கத்தினான்.

"மீன் ஏத்தேல்லைத்தானே, பாரமில்லை" என்றேன்.

அவன் நம்பினான். இன்னும் மிதித்தான்.

"கோயில் மணம் வருது..." என்றாள் திரேசா. "உங்களுக்கு வரேல்லையோ? சாம்பிராணி மாதிரி..."

பெல்ட் சூடேறிக் குங்கிலியம் புகைந்துகொண்டிருந்தது. அந்த மணம் காரெல்லாம் நிறைந்தது. அவள் மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். இது நல்ல சகுனம் என்று சவரி சொன்னான்.

அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். ஊதலுக்கு அடியில், மெல்ல, தகரத்துக்குள் சல்லிக்கல் குலுங்குவது போல. சவரிக்கு அது கேட்கவில்லை. கேட்டாலும் அவனுக்கு விளங்காது. எனக்கு விளங்கியது! உள்ளே பெற்றோல் போதாமல் நெருப்புத் தவறான நேரத்தில் வெடிக்கிறது. கராச்சுக்காரர் சொன்னது பொய்யல்ல.

"மச்சான், மெல்லப் போ." இவ்வளவுதான் நான் சொல்லவேண்டியிருந்தது. நேரம் தாராளமாக இருந்தது. மெதுவாக ஊர்ந்து போயிருந்தால்கூட மெயிலைப் பிடித்திருப்போம்.

நான் சொல்லவில்லை...

ஏன்? எத்தனை தரம் என்னை நானே கேட்டிருப்பேன்! அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், அதை நிறுத்த மனம் வரவில்லை என்பது ஒரு பதில். மெல்லப் போ என்றால் சவரி ஏன் என்று கேட்பான், சில்லின் கதை வெளிவரும் என்ற பயம் இன்னொரு பதில். இரண்டும் உண்மைதான். மூன்றாவதாக ஒரு பதில் இருக்கிறதா? இந்தக் கார் நின்றுபோனால் அவள் போகமாட்டாள் என்று எனக்குள் எங்கோ ஒருவன் அந்தச் சல்லிச் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தானா? சத்தியமாக எனக்குத் தெரியாது. இல்லை என்று சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்திருக்கிறேன். சொன்னால் நானே நம்பமாட்டேன்.

ஒரு வெடி. பிறகு நீலப்புகை. ஊதல் அறுந்து, கார் தானாக உருண்டு காட்டோரம் நின்றது.

சவரி முன்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். பிஸ்டன் போய்விட்டது என்றேன். "நான்தான் மிதிச்சனான்... நான்தான் கண்டபடி மிதிச்சனான்" என்று தலையில் அடித்துக்கொண்டான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவன் வண்டியோ லொறியோ கிடைக்குமா என்று ஒட்டுசுட்டான் பக்கம் ஓடினான். செருப்பைக்கூடக் காரிலேயே விட்டுவிட்டு ஓடினான்.

அவன் வளைவில் மறைந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? சாவிப்பையைத் திறந்தேன்.

ஆம். திருத்துவதற்கு அல்ல. ஒளிப்பதற்கு! யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியாவிலிருந்தோ எவனாவது மெக்கானிக் வந்து பார்ப்பானே, அவன் கண்ணில் சின்னச் சில்லுப் படக்கூடாதே! கொதிக்கும் என்ஜினுக்குள் கையை விட்டேன். சில்லு கனன்றுகொண்டிருந்தது. துணி சுற்றிப் பிடித்தும் வழுக்கியது, வெறுங்கையால் பிடித்து இழுத்தேன். உள்ளங்கைத் தோல் குங்கிலியத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. சத்தம் போடாமல் பல்லைக் கடித்தேன். பழைய சில்லைப் பூட்டினேன். சின்னதைச் சாக்குத் துண்டில் சுற்றிப் பைக்குள் போட்டேன்.

திரும்பிப் பார்த்தால் திரேசா பக்கத்தில் நிற்கிறாள்.

"திருத்திப் போடலாமோ?" என்று கேட்டாள். இல்லை என்று நான் தலையை அசைத்தேன். அவள் என் கையைப் பார்த்தாள். "ஐயோ, கையைச் சுட்டுப்போட்டியளே!"

போத்தலிலிருந்த தண்ணீரை ஊற்றினாள். நேர்முகப் பரீட்சைக்கென்று புதிதாகத் தைத்த கைலேஞ்சி ஒன்று வைத்திருந்தாள், ஓரத்தில் சின்ன நீலப்பூ. அதை நனைத்து என் உள்ளங்கையில் சுற்றினாள். மெதுவாக, நோகாமல், எங்கே முடிச்சுப் போட்டால் வலிக்காது என்று தெரிந்த கை. கொழும்பில் அவர்கள் இந்தக் கையை ஒரு முறை பார்த்திருந்தால் போதும், வேறு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

காடு அடங்கிக்கொண்டு வந்தது. பக்கத்தில் எங்கோ காட்டுக்கோழி கூவியது. அவள் தன் பெட்டியின் மேல் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி வரவில்லை, லொறி வரவில்லை. வெகுதூரத்தில், மரங்களுக்கு அப்பால், மெயில் கூவும் சத்தம் கேட்டது. நீளமாக, ஒரு கனவுக்குள் கேட்பது போல. மாங்குளத்தில் வந்து நின்றது. பிறகு இன்னொரு முறை கூவியது.

"போட்டுது" என்றாள்.

அழவில்லை. றிபனை அவிழ்த்து மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

மறுநாள் போனார்கள். நாள் தவறிவிட்டது என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அடுத்த வருடம் வயது கடந்துவிட்டது.

சவரி அதன்பிறகு எந்த வாகனத்திலும் ஓட்டுநர் ஆசனத்தில் உட்கார்ந்ததில்லை. கல்யாண வீட்டுக்குப் போகும்போதுகூட லொறியின் பின்பெட்டியில் ஏறிக்கொள்வான். காரை வேலிக்கரையில் தள்ளி விட்டான். ஜெட் வந்து சேர்ந்தது. அதை அவனிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுக் கடலில் எறிந்தான்.

பெரிய வெள்ளிக்கு முன் நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சொல்லத்தான் போனேன்! முழங்காலில் நின்று, மர வலைக்குப் பின்னாலிருந்த சுவாமியாரிடம், "ஒரு மோட்டர்ச் சாமான் விஷயத்திலை சிநேகிதனுக்குப் பொய் சொல்லிப்போட்டன் சுவாமி" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். சுவாமியார் மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஒரு மோட்டர்ச் சாமானுக்கு மன்னிப்புக் கிடைத்தது. மற்றது அப்படியே கிடக்கிறது.

பிறகு ஒருநாள் சவரி மில்லுக்கு வந்தான். உமிக் குவியலைப் பார்த்தபடி பேசினான். "அவளின்ர வாழ்க்கையைக் கெடுத்தவன் நான், சூசை. அவளுக்கு ஒரு வழி காட்டாமல் எனக்கு நித்திரை வராது. நீ அவளைக் கட்டுவியோ? உன்னைத் தவிர ஆரிட்டையும் கேக்க எனக்கு வாயில்லை."

நான் மறுத்திருக்கவேண்டும். அல்லது எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, இப்போது கேள் என்றிருக்கவேண்டும். நான் என்ன செய்தேன்? சந்தோஷத்தில் அழுதேன்! அவன் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தானும் அழுதான். இவன் எவ்வளவு நல்லவன் என்று என்னைப் பற்றி ஊரெல்லாம் சொன்னான்.

கல்யாணத்துக்குப் பிறகு திரேசாவிடம் ஒருநாள் கேட்டேன், ஏன் ஓம் என்றாய் என்று. என் வலது கையை விரித்துத் தழும்பைத் தொட்டுக் காட்டினாள்.

"கொதிக்கிற என்ஜினுக்கை எனக்காகக் கையை விட்ட மனிசன்... வேற என்ன பாக்கோணும்?"

இதைக் கேட்டபின் எப்படி உயிரோடிருக்கிறேன் என்று கேட்கிறீர்களா? இருக்கிறேன். சாப்பிடுகிறேன். சிரிக்கிறேன். மாங்குளத்துக்கே குடிவந்து, ஸ்டேஷனுக்கு அருகில் ஒரு சின்னக் கராச் வைத்திருக்கிறேன். வருகிற இளைஞர்களுக்கு, காற்றைக் கூட்டினால் பெற்றோலையும் கூட்டவேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறேன்! இரண்டு பிள்ளைகள். இரவு மெயில் கூவும்போது திரேசா எதைச் செய்துகொண்டிருந்தாலும் ஒரு கணம் நிறுத்துவாள். விளக்குத் துடைத்தால் துணி நிற்கும். பிள்ளைக்குத் தலை வாரினால் சீப்பு நிற்கும். பிறகு தொடர்வாள். ஒருநாளும் எதையும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டினால் என்ன!

அந்தச் சில்லை நான் எறியவில்லை. கடலில் எறியப் போனேன், கை வரவில்லை. ஸ்பனரும் அரமும் வைக்கும் ஆயுதப்பெட்டியின் அடியில் கிடந்தது. கல்யாணமான புதிதில் திரேசா பெட்டியைத் துப்புரவாக்கும்போது கண்டெடுத்தாள். இது என்ன என்று கேட்டாள். மில்லின் பழைய சாமான் என்றேன். அது பொய்யில்லை... பார்த்தீர்களா, எவ்வளவு கெட்டிக்காரன்! அவள் அதைப் புளிபோட்டுத் தேய்த்து, சோறு வடிக்கும்போது மூடிக்குப் பாரமாக வைக்கத் தொடங்கினாள். பொருத்தமான பாரம் என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சோறு அதன் கீழேதான் வடிகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை சவரி ஒரு கோர்வை விளைமீனோடு வந்தான். லொறியின் பின்பெட்டியில்தான் வந்தான். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. குசினி வாசலில் பலகையைப் போட்டு உட்கார்ந்து தங்கையோடு கதைத்துக்கொண்டிருந்தான். நான் சாப்பாட்டுக் கோப்பையோடு எதிரே இருந்தேன்.

அவள் பானையை நிமிர்த்திச் சில்லைத் துணியால் தூக்கி அவன் பக்கத்தில் வைத்தாள். அவன் அதை எடுத்தான். சூடு ஆற ஊதினான். பெல்ட் ஓடும் பள்ளத்தில் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினான். நடுத்துளையில் என் அரம் பட்ட கீறல்களைத் தடவினான். பிறகு மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனான். என்னத்தை மணந்தான்? சோற்றுக் கஞ்சியின் மணமாகத்தான் இருக்கும். வேறென்ன மிஞ்சியிருக்கப் போகிறது...

"வடிவான சில்லு" என்றான். "என்னத்தின்ர சில்லு மச்சான் இது?"

அவன் என்னைத்தான் கேட்டான். என் வாயில் சோறு இருந்தது.

"அது இவரின்ர மில்லுச் சாமான் அண்ணை" என்றாள் திரேசா.

ஸ்டேஷன் பக்கம் மெயில் கூவியது. அகப்பை அவள் கையில் ஒரு கணம் நின்றது. பிறகு எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். நான் சாப்பிட்டேன்.